வளைகாப்புக்குப் போன 54 பிரேஸ்லெட்டுகள்

முதல் போன் வந்தது வளைகாப்பு முடிந்த நான்காம் நாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு மணி ரெண்டாப் பிளந்து கிடக்கு. யாரும் கையில போடக்கூட இல்ல, டப்பாவுக்குள்ளேயே இருந்துச்சு."

டப்பாவுக்குள் இருந்த மணி எப்படிப் பிளக்கும்? கீழே போட்டிருப்பார்கள், சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்றுதான் அன்று நினைத்தேன். மூன்று வாரத்தில் அப்படி 13 மணிகள் ஆகிவிட்டன. அதற்குள் மூன்று பேருக்கு மணிக்கட்டில் அரிப்பு. கை பச்சையாகிறது என்று சொன்னவர்களை நான் எண்ணக்கூட இல்லை. அனுப்பியது மொத்தம் 54.

வீட்டிலேயே உலோகச் சார்மும் (பிரேஸ்லெட்டில் தொங்கும் குட்டி அலங்காரம்) கண்ணாடி மணியும் செய்து விற்பவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம். செய்ததைப் படம் பிடித்துப் போடுகிறோம், உடைந்ததை யாரும் போடுவதில்லை. இந்த ஒரு ஆர்டரை என் நோட்டுப் புத்தகத்தில் உள்ளபடி எழுதிவிடலாம் என்று தோன்றியது. நடந்த பெரிய தவறுகளில் ஒன்றுகூடக் கை வேலையில் நடந்ததில்லை. வாங்கிய பொருள் எதால் ஆனது என்று கேட்காமல் விட்டதில் நடந்தவை. அதுவும் ஒரே ஆர்டரில் மூன்று முறை.

ஆர்டர்

சென்னையில் இரண்டு அறை ஃபிளாட். பால்கனிதான் என் பட்டறை. சமையல் கேஸும், கொரோனா காலத்தில் யாரோ வாங்கிப் பிறகு சும்மா கிடந்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரும் சேர்ந்துதான் கண்ணாடியை உருக்கும் என் டார்ச். ஒரு பெஞ்ச், ஒரு வைஸ், பத்தர்கள் வைத்திருப்பது போல ஒரு ரம்பம், நான்கைந்து அரம்.

வந்த பெண் தங்கைக்கு வளைகாப்பு என்றாள். ரிட்டர்ன் கிஃப்டாக 50 பிரேஸ்லெட், ஒன்று 180 ரூபாய். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு பெரிய கண்ணாடி மணி, பக்கத்தில் மாங்காய் வடிவத்தில் ஒரு குட்டி உலோகச் சார்ம். அப்புறம் பையிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வைத்தாள். உள்ளே உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகள், சிவப்பும் பச்சையும். அவளுடைய அம்மாவின் வளைகாப்பில் போட்டவை. உடைந்ததையும் தூக்கிப் போடாமல் பாட்டி 30 வருஷத்துக்கு மேல் எடுத்து வைத்திருக்கிறார். "இந்தத் துண்டு ஒவ்வொரு மணியிலேயும் கொஞ்சமாவது இருக்கணும் அக்கா, பாட்டி ஆசைப்படறாங்க."

இப்படி ஒரு வேலை வந்தால் யார் வேண்டாம் என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். உடைந்தால் ஆகும் என்று நான்கு கூடுதலாகச் செய்வதாகவும் சொன்னேன். நாள் 24.

ஈயம்

முதலில் சார்ம். பித்தளைத் தகட்டில் ஒரு மாங்காயை ரம்பத்தால் அறுத்து, அரம் போட்டு, துளையிட்டு முடிக்க எனக்கு 22 நிமிஷம் ஆனது. ஐம்பதுக்கு மேல் என்றால் 20 மணி நேரம். வார்த்து எடுத்தால் வேகமாக முடியுமே என்று தோன்றியது.

வார்க்க அச்சு வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் தருவார்களே, கணவாயின் ஓடு, அதுதான் அச்சு. ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் நகத்தால் அழுத்தினாலே பதியும். இரண்டு ஓடுகளைச் சமதளமாகத் தேய்த்து, நடுவில் மாதிரிச் சார்மை வைத்து அழுத்தி, மேலே ஒரு புனல் வாய் வெட்டிவிட்டால் போதும். உலோகம் வார்த்ததும் ஓட்டின் வரிகள் சார்மின் மேல் அப்படியே விழும், மணலில் அலை போட்ட கோடு மாதிரி. பார்க்க அவ்வளவு அழகு. வார்க்கும்போது முடி கருகும் நாற்றம் வரும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உலோகத்துக்குக் காயலான் கடைக்குப் போனேன். "ஈயம் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. ஒரு கட்டியாகக் கொடுத்தார், விலையும் மலிவு.

நம் மொழியில் இந்தச் சொல்லே ஒரு பொறி. ரசத்துக்கு வைக்கும் ஈயச் சொம்பும் ஈயம்தான், பழைய பேட்டரியில் இருப்பதும் ஈயம்தான். முதலாவது வெள்ளீயம், இரண்டாவது காரீயம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327-ல். இரண்டும் கேஸ் அடுப்பில் உருகிவிடும், இரண்டும் ஊற்றியவுடன் வெள்ளியாய் மின்னும். நான் கேட்டது ஒன்று, கடைக்காரர் கொடுத்தது ஒன்று. அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. ஈயம் கேட்டேன், ஈயம் கொடுத்தார்.

பன்னிரண்டு சார்ம் வார்த்திருப்பேன். கீழ் வீட்டில் ஒரு பத்தர் இருக்கிறார், எழுபது தாண்டியவர், தொழிலை விட்டு ரொம்ப நாளாகிறது. நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க அவ்வப்போது மேலே வருவார். அன்று ஒரு சார்மைக் கையில் எடுத்தார், எடை பார்ப்பது போல இரண்டு முறை உள்ளங்கையில் தூக்கிப் போட்டார். பிறகு பேப்பரின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறத்தில் விழுந்தது.

"ஏம்மா, இது எந்த ஈயம்?"

"ஈயம்தான் ஐயா, கடையில..."

"காரீயம்மா இது. வெள்ளீயமா இருந்தா வளைக்கும்போது கீச்சுனு சத்தம் வரும், பார்த்ததில்லையா? இதைப் போய்ப் பொண்ணுங்க கையில கட்டப் போறியா?"

அவர் இறங்கிப் போன பிறகு சமையலறைத் தராசில் பார்த்தேன். மிச்சக் கட்டி 86 கிராம். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, கட்டியை நூலில் கட்டி அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 8 கிராம் காட்டியது, கட்டி விலக்கிய தண்ணீரின் எடை அது. 86-ஐ 8-ஆல் வகுத்தால் 10.75. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்துக்கு 11.3. என் தராசு ஒரு கிராம் துல்லியம்தான், ஆனாலும் வெள்ளீயமாக இருந்திருந்தால் 12 கிட்ட காட்டியிருக்க வேண்டும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் மினியாபொலிஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2006 பிப்ரவரி. நான்கு வயதுப் பையனை வாந்தி என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில் மோசமாகித் திரும்பி வந்தான், மூச்சு நின்றது, மூளை வீங்கியிருந்தது. எக்ஸ்-ரேயில் வயிற்றுக்குள் இதய வடிவில் ஒரு பொருள் தெரிந்தது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 180 மைக்ரோகிராம் காரீயம். 10 இருந்தாலே கவலைப்பட வேண்டும் என்பது அப்போதைய அமெரிக்க அளவுகோல். பையன் பிழைக்கவில்லை. வயிற்றிலிருந்து எடுத்தது ரீபாக் காலணியோடு இலவசமாக வந்த பிரேஸ்லெட்டின் சார்ம். சோதித்ததில் 99.1 சதவீதம் காரீயம். மார்ச் மாதம் சுமார் 3 லட்சம் பிரேஸ்லெட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள், 2008-ல் நிறுவனம் 10 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. இன்று அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பொருளில் காரீயம் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டக் கூடாது.

இதில் என்னைத் தூங்கவிடாத விவரம் ஒன்று உண்டு. அந்தச் சார்ம் அந்தப் பையனின் வீட்டுடையதே இல்லை. அவன் விளையாடப் போன இன்னொரு வீட்டில் அதே மாதிரி ஒன்றைப் பார்த்த ஞாபகம் இருப்பதாகத் தாய் சொன்னார். ரிட்டர்ன் கிஃப்ட் என்பதும் அப்படித்தானே? தாம்பூலப் பையோடு யார் வீட்டுக்குப் போகும், எந்தக் குழந்தை எடுத்து வாயில் வைக்கும் என்று செய்பவருக்குத் தெரியாது.

பன்னிரண்டு சார்மையும் கட்டியையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். உருக்கிய கரண்டியைத் தூக்கி எறிந்தேன். பால்கனியைக் கூட்டவில்லை. கூட்டினால் தூள் பறக்கும், அதனால் ஈரத் துணியால் மூன்று முறை துடைத்தேன். ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டேன், பயப்படும்படி ஒன்றும் இல்லை.

மறுபடி பித்தளை. 0.8 மி.மீ. தகடு. கம்பியாகவோ தகடாகவோ வாங்கும் பித்தளை பரவாயில்லை. பழைய குழாய், வால்வு இவற்றை உருக்கும் பித்தளையில் கடைசல் சுலபமாக வர வேண்டும் என்று 2, 3 சதவீதம் காரீயம் சேர்ந்திருக்கும், அந்தப் பக்கம் போகவே கூடாது. மூன்று தகடுகளை ஃபெவிக்விக்கால் ஒட்டி ஒன்றாக அறுக்கலாம் என்று கற்றுக்கொண்டது இந்த வாரத்தில்தான். ரம்பத்தின் பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும், பிளேடில் மெழுகு தடவ வேண்டும், கை இழுக்கும்போது மட்டும்தான் வெட்ட வேண்டும். மூன்றையும் சூடுபடுத்தினால் பசை விட்டுவிடும், ஆனால் அந்தப் புகை கண்ணைக் கொல்லும், வெளியே வைத்துச் செய்யுங்கள். கடைசியில் புளி போட்டுத் தேய்த்ததும் மாங்காய்கள் கோயில் மணி மாதிரி மின்னின. இரண்டு நாள் நஷ்டம், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மணிகள்

கண்ணாடி மணி செய்வதை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்தவர்கள் விடமாட்டார்கள். ஒரு மெல்லிய ஸ்டீல் கம்பி, அதன் மேல் காய்ந்த களிமண் பூச்சு. அது இல்லையென்றால் மணி கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். இடது கையில் அந்தக் கம்பி, வலது கையில் கண்ணாடிக் குச்சி. குச்சியின் நுனி சிவந்து, ஆரஞ்சாகி, வெல்லப்பாகு பதத்தில் தொங்க ஆரம்பிக்கும். அந்த நிமிஷத்தில் கம்பியைத் தொட்டுச் சுற்ற வேண்டும். சுற்றுவதை நிறுத்தினால் மணி ஒரு பக்கமாக வழிந்துவிடும். கண்ணாடியில் இருக்கும் சோடியத்தால் சுடர் மஞ்சளாக எரியும், அதில் ஒன்றுமே தெரியாது. டிடிமியம் மூக்குக்கண்ணாடி போட்டால் அந்த மஞ்சள் மட்டும் மறைந்து உள்ளே இருக்கும் மணி தெரியும். முதல் தடவை போட்டபோது யாரோ திரையை விலக்கியது போல இருந்தது.

அடிமணிக்கு நான் எடுத்தது வெளிநாட்டிலிருந்து வரும் நிறமற்ற குச்சி, இத்தாலியின் முரானோ வகை. அதைச் சுற்றி உருட்டிவிட்டு, சூடாக இருக்கும்போதே பாட்டியின் வளையல் துண்டுகளை இடுக்கியால் பதித்து, மறுபடி சுடரில் காட்டி உருக்கினேன். தங்கப் பூச்சு உள்ள துண்டுகளைத் தள்ளிவிட்டேன். 24 மணியில் சிவப்பு, 24-ல் பச்சை. பதிக்கத் தோதான சின்னத் துண்டு தீர்ந்துபோனதால் கடைசி ஆறு மணி வெறும் குச்சிக் கண்ணாடி. இந்த ஆறையும் எழுதி வைத்ததுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

செய்த மணியைச் சுடரிலிருந்து எடுத்ததும் வெர்மிகுலைட் நிரப்பிய டப்பாவில் செருகினேன். தோட்டத்துக்குப் போடுவார்களே, அதே வெர்மிகுலைட். மெதுவாக ஆறும், போதும் என்று கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதுவரை செய்த சின்ன மணிகளுக்கு அது போதுமாகவும் இருந்தது.

கோப்பதற்குச் சவுகார்பேட்டையில் ஒரு கடையில் வாங்கிய ஜம்ப் ரிங் என்னும் இணைப்பு வளையம், கொக்கி. "சில்வர் கலர் வேணுமா, கோல்ட் கலர் வேணுமா?" என்று கேட்டார்கள். சில்வர் கலர் என்றேன். அது எந்த உலோகம் என்று கேட்டிருக்கலாம். ஈயத்தில் சூடுபட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஆனாலும் வாய் வரவில்லை. ஈயம் என்றால் விஷம் என்று புத்தியில் ஏறிவிட்டது, "கேட்டு வாங்கு" என்பது மட்டும் ஏறவில்லை போலிருக்கிறது.

எந்த மணி பிளந்தது

13 புகார் ஆனதும் போனில் சமாதானம் சொல்வதை நிறுத்திவிட்டு, எல்லோரிடமும் படம் கேட்டேன். பிளந்தவற்றில் சிவப்பு 10, பச்சை 3. வெறும் கண்ணாடி மணி ஆறில் ஒன்றுகூட இல்லை.

கீழே விழுந்து உடைந்திருந்தால் நிறம் பார்த்தா உடைந்திருக்கும்?

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது விரிசல் எல்லாமே ஒரே மாதிரி ஓடியிருந்தது. வளையல் துண்டின் ஓரத்தை ஒட்டி வளைந்து போய், பிறகு துளைப் பக்கம் திரும்பியிருந்தது. அப்போதுதான் சி.ஓ.இ. என்ற எண் ஞாபகம் வந்தது. சூடானால் கண்ணாடி எவ்வளவு விரியும், ஆறினால் எவ்வளவு சுருங்கும் என்பதன் கணக்கு அது. என் குச்சிக்கு 104. அதாவது ஒரு டிகிரிக்கு ஒரு கோடியில் 104 பங்கு. சூட்டைத் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக்கு இது 33 தான். வளையல் கண்ணாடிக்கு எவ்வளவு? பாட்டியின் ஹார்லிக்ஸ் பாட்டில்மேல் யாரும் எழுதி ஒட்டவில்லை.

எண் தெரியாவிட்டாலும் பொருந்துமா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. இரண்டு கண்ணாடியையும் பக்கம் பக்கமாக ஒட்டி உருக்கி, கலக்காமல், இரண்டு இடுக்கியால் பிடித்து நூலாக இழுக்க வேண்டும். நூலின் ஒரு பக்கம் ஒரு கண்ணாடி, மறுபக்கம் இன்னொன்று. ஆறின பிறகு நேராக இருந்தால் பொருத்தம். வளைந்தால் இல்லை, வளைவின் உள்பக்கம் இருப்பதுதான் அதிகம் சுருங்கும் கண்ணாடி. குச்சியையும் பச்சை வளையலையும் இழுத்தேன், லேசாக வளைந்தது. குச்சியையும் சிவப்பையும் இழுத்தேன். கையில் நேராக இருந்த நூல் ஆற ஆறத் தானாகவே அரிவாள் மாதிரி வளைந்து நின்றது. பத்தர் பார்த்துவிட்டு, "கண்ணாடிக்கும் கோபம் வருது பார்" என்றார்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் கொஞ்சம்தான். இரண்டு கண்ணாடிக்கும் சி.ஓ.இ. 10 மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 டிகிரியிலிருந்து ஆறும்போது 10 மி.மீ. மணியில் 5 மைக்ரோமீட்டர் வித்தியாசம் வரும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் கண்ணாடி அந்த 5 மைக்ரோமீட்டரையும் விட்டுக்கொடுக்காது. பித்தளையாக இருந்தால் கொஞ்சம் நீண்டுகொடுக்கும். கண்ணாடி இழுவிசையை மனசுக்குள்ளேயே வைத்திருந்து, என்றாவது ஒரு சின்னக் கீறல், கொஞ்சம் குளிர், ஏசி அறை, ஏதோ ஒன்று வந்ததும் பிளந்துவிடும். டப்பாவுக்குள் இருந்தாலும்தான்.

அந்த இழுவிசையைக் கண்ணாலும் பார்க்கலாம். லேப்டாப்பில் வெள்ளைத் திரையைப் போட்டு, போலராய்டு கூலிங் கிளாஸை அதன் முன்னால் திரை கறுப்பாகும் வரை திருப்ப வேண்டும். நடுவில் மணியைப் பிடித்தால், இழுவிசை இல்லாத கண்ணாடி இருட்டாகவே இருக்கும். இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக ஒளிரும். சிவப்புத் துண்டு பதித்த மணியில் துண்டைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம், கிரகணத்தன்று சூரியனைச் சுற்றித் தெரிவது போல. வெறும் மணியிலும் ஓரத்தில் மங்கலாக ஒளி இருந்தது. அதை அன்றைக்கு நான் சரியாகக் கவனிக்கவில்லை.

கில்ன் வாங்கிய கதை

எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒன்றே சொன்னார்கள்: அனீலிங் செய்யவில்லை, அதுதான் பிரச்சினை. வெர்மிகுலைட்டில் செருகுவது மணியை மெதுவாக ஆறவிடுகிறது, அவ்வளவுதான். அனீலிங் என்றால் மணி முழுவதும் ஒரே சூட்டில் நிற்க வேண்டும். இந்த வகைக் கண்ணாடிக்கு 510, 520 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு ஒரு மணி நேரத்துக்கு 60 டிகிரி வீதம் இறக்க வேண்டும். கேக் சுடும் வீட்டு ஓ.டி.ஜி. அடுப்பு 250-க்கு மேல் போகாது. அதில் வைப்பதும் வெயிலில் வைப்பதும் ஒன்றுதான். கடைசியில் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன கில்ன், அதாவது சூளை, வாங்கினேன். இந்த ஆர்டரில் கிடைத்த 9,000 ரூபாய் அதன் பக்கத்தில்கூட நிற்காது.

வாங்கியாயிற்று, இனி எல்லாம் சரியாகும் என்று நினைத்தவள், நல்ல வேளையாகச் சோதித்துப் பார்த்தேன். 20 மணி செய்தேன். பத்து வெறும் குச்சிக் கண்ணாடி, பத்து சிவப்புத் துண்டு பதித்தது. இரண்டிலும் ஐந்தை வெர்மிகுலைட்டிலும் ஐந்தைக் கில்னிலும் ஆறவிட்டேன். ஒரு மாதம் வைத்திருந்து, நடுவில் இரண்டு முறை ஃபிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்தேன்.

வெறும் மணி, கில்ன்: ஒன்றும் பிளக்கவில்லை. வெறும் மணி, வெர்மிகுலைட்: ஒன்று பிளந்தது. சிவப்பு, வெர்மிகுலைட்: நான்கு. சிவப்பு, கில்ன்: மூன்று.

ஐந்தைந்து மணியை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் இந்த மூன்று என்ற எண்தான் எனக்கு இந்த ஆர்டரிலேயே விலை உயர்ந்த பாடம். மணியின் வெளிப்பக்கம் முதலில் ஆறி உள்பக்கம் பின்னால் ஆறுவதால் வரும் இழுவிசையைக் கில்ன் எடுத்துவிடும். சுருங்கும் அளவே வேறான இரண்டு கண்ணாடி ஒட்டியிருப்பதால் வரும் இழுவிசையை எந்தக் கில்னாலும் எடுக்க முடியாது. எவ்வளவு மெதுவாக ஆறினாலும், ஆறி முடிக்கும்போது ஒன்று குறைவாகவும் ஒன்று அதிகமாகவும் சுருங்கியே தீரும். கில்ன் வாங்கியதில் வருத்தம் இல்லை, வெறும் மணிக்கே அது தேவைதான். ஆனால் சோதிக்காமல் இன்னொரு 48 மணி செய்து அனுப்பியிருந்தால்?

அரிப்பு

இது சீக்கிரம் முடிந்தது. அரிப்பு வந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு முன்பே கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகும். இன்னொருவருக்கு வாட்ச் பக்கிள் ஒத்துக்கொள்ளாது. தோல் டாக்டர் பார்த்தவுடன் நிக்கல் என்று சொல்லிவிட்டார். நிக்கலைக் கண்டுபிடிக்கும் சோதனைத் திரவம் ஆன்லைனில் கிடைக்கிறது, டைமெதில்கிளையாக்ஸைமும் அம்மோனியாவும் கலந்தது. பஞ்சில் நனைத்து உலோகத்தின் மேல் அரை நிமிஷம் தேய்த்தால், நிக்கல் இருந்தால் ரோஜா நிறமாகும். பித்தளை மாங்காய்மேல் தேய்த்தேன், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. ஜம்ப் ரிங்மேல் தேய்த்தேன், ரோஸ் மில்க் கலர்.

நான் சார்மைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன். பெரிதாக இருப்பது, பச்சையாக்குவது எல்லாம் அதுதானே. குற்றவாளி யார் கண்ணிலும் படாத 6 மி.மீ. வளையம். ஐரோப்பாவில் தோலோடு ஒட்டி நிற்கும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் பார்ப்பது உலோகத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல, எவ்வளவு கசிகிறது என்பதை. அதனால்தான் நிக்கல் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பலருக்குத் தொந்தரவு தருவதில்லை, நிக்கல் முலாம் போட்ட வளையம் தருகிறது. சென்னை வியர்வையில் கேட்கவே வேண்டாம்.

இந்த இடத்தில் இன்னொன்று. ஜெர்மன் சில்வர் என்று இப்போது கல்யாணத்துக்குக் கல்யாணம் குங்குமச் சிமிழிலிருந்து ஜிமிக்கி வரை விற்கிறார்களே, அதற்கு அந்தப் பெயர் வந்த கலவையில் வெள்ளி ஒரு துளிகூடக் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல். தட்டாக இருக்கும்வரை யாருக்கும் கஷ்டமில்லை. காதில் போடுவதென்றால் பஞ்சு வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பச்சைக்கறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பித்தளையில் இருக்கும் செம்பும் வியர்வையும் சேர்ந்தால் வருவது, சோப்பு போட்டால் போய்விடும். என் பங்குக்கு நான் செய்த தப்பு, புளியில் தேய்த்த சார்மைச் சோடா உப்புத் தண்ணீரில் அலசாமல் துடைத்துக் கோத்தது. மிச்சமிருந்த புளிப்பும் சேர்ந்துகொண்டது. இப்போது அலசி, காயவைத்து, மெழுகு தடவுகிறேன். அப்போதும் சிலருக்குப் பச்சையாகும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

திரும்பச் செய்தது

பாட்டியின் வளையல் எப்படியும் இருக்க வேண்டும். குச்சியோடு அது ஒட்டாது. இரண்டு வாரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். விடை புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் இருந்தது என்று சொன்னால் கொஞ்சம் அலட்டலாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான். 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மணி செய்து கடல் தாண்டி அனுப்பிய ஊர். அந்த மணிகளின் படங்களைப் பார்த்தால் பெரும்பாலும் கடுகு, மிளகு அளவு, ஒரு மணிக்கு ஒரே நிறம். கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, நறுக்கி, முனை மழுங்க மறுபடி சூடாக்கிச் செய்தவை. திருப்பதி பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த இழுக்கும் முறை நம் காலம்வரை வந்திருக்கிறது. ஒரே கண்ணாடி, அதுவும் சின்னதாக. சின்ன மணி உள்ளும் வெளியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஆறிவிடும்.

அவர்கள் அளவுக்கு என்னால் இழுக்க முடியாது. வளையல் துண்டையே குச்சியாகப் பிடித்து, மெல்லிய கம்பியில் சுற்றி, 5 மி.மீ. மணிகள் செய்தேன். சிவப்பு தனி, பச்சை தனி, வேறெதுவும் கலக்காமல். முதல் சில மணிகளைக் கில்னிலிருந்து எடுத்து லேப்டாப் முன்னால் பிடித்துப் பார்த்து, ஒளி தெரிந்ததால் சூட்டைக் கொஞ்சம் ஏற்றினேன். வளையல் கண்ணாடி குச்சியைவிடக் கெட்டி. பெரிய மணி வெறும் குச்சிக் கண்ணாடி, அதன் இரண்டு பக்கமும் பாட்டியின் சின்ன மணி. ஒன்றோடு ஒன்றை உருக்கி ஒட்டாமல், பக்கத்தில் பக்கத்தில் கோத்தேன். ஜம்ப் ரிங்கை நானே பித்தளைக் கம்பியை ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் சுற்றி அறுத்துச் செய்துகொண்டேன். முதல் பிரேஸ்லெட்டைவிட இதுதான் அழகு என்று அந்தப் பெண்ணே சொன்னாள்.

54-க்கும் மாற்று அனுப்பி, பழையதைத் திருப்பித் தரச் சொன்னேன். பிளந்தவை போக 41-ல் 37 வந்தன. அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் எண் போட்டு வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பேன். ஏழு மாதத்தில் இன்னும் ஐந்து பிளந்திருக்கின்றன, நான்கு சிவப்பு, ஒரு பச்சை.

வராத நான்கில் ஒன்று பாட்டியுடையது. புதியதை வாங்கிக்கொண்டார், பழையதைத் தர மாட்டேன் என்றுவிட்டார். சிவப்பு. பிளந்தால் கையைக் கிழிக்கும் பாட்டி என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். போட்டுக்கொள்ளவில்லை, சாமி அலமாரியில்தான் வைத்திருக்கிறேன் என்றார். போன வாரம் கேட்டேன், இன்னும் முழுசாகத்தான் இருக்கிறதாம்.